பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள்

அறிவியல் செய்திகளில் நாம் பெரும்பாலும் தீர்ப்பை மட்டும் படிக்கிறோம். எதிர்ப்பொருளும் கீழேதான் விழுகிறதாம், பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து காய்ச்சல் மாத்திரை வருகிறதாம், ஒரே ஒரு குழந்தைக்காக மரபணு மருந்து செய்தார்களாம் என்று வியந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். வழக்கு நடந்த விதம் நம் கண்ணில் படுவதே இல்லை. என்ன கேள்வி கேட்டார்கள், விடை சொல்ல யாரை அழைத்தார்கள், அந்தச் சாட்சி பிறழாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதில்தான் ஓர் ஆய்வின் அழகெல்லாம் குடியிருக்கிறது.

செய்யுளுக்கு உரை கண்டவர்கள் ஒரு சொல்லின் அருகே நின்று, இது ஏன் இங்கே வந்தது, வேறொன்று வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டுக் கேட்டுச் சுவைத்தார்கள். 2023 முதல் 2025 வரை வெளிவந்த நான்கு ஆய்வுகளை அந்தக் கண்ணோடு பார்க்க ஆசைப்படுகிறேன். இயற்பியல், நுண்ணுயிர்த் தொழில்நுட்பம், மருத்துவம், கணிதம் என்று நான்கும் நான்கு திசை. நான்கிலும் என்னைக் கட்டிப்போட்டது ஒன்றே: பொய் சொல்லவே இயலாத ஒரு சாட்சியைத் தேடிப் பிடித்த திறம்.

இரண்டு வாசல்

ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு 2023 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. எதிர்ஹைட்ரஜன் அணு, பூமியின் ஈர்ப்பில் கீழ்நோக்கி விழுகிறது. விழாமல் பின்னே என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலை எழுதி முடித்தது 1915-இல். எதிர்ப்பொருளுக்கு வழிகாட்டிய டிராக்கின் சமன்பாடு வந்தது 1928-இல். எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டது 1932-இல். ஈர்ப்பின் சட்டம் எழுதப்பட்ட நாளில் எதிர்ப்பொருள் என்ற ஒன்று உண்டென்றே யாருக்கும் தெரியாது. எல்லாப் பொருளும் ஒரேபோல விழும் என்ற அந்தச் சட்டம் பிறகு வந்த இந்த விருந்தாளிக்கும் பொருந்துமா என்பதை எவரும் நேரில் பார்த்ததில்லை.

பார்க்க முடியாததற்குக் காரணம் உண்டு. எதிர்ப்பொருள் சாதாரணப் பொருளைத் தொட்ட கணத்தில் இரண்டும் அழிந்துபோகும். எதிர்புரோட்டானைத் தனியாக விழவிட்டுப் பார்க்கலாமென்றால் அதற்கு மின்னூட்டம் இருக்கிறது. சுற்றியுள்ள கொஞ்சநஞ்ச மின்புலமே ஈர்ப்பைவிடப் பன்மடங்கு வலுவாக அதை இழுத்துப்போய்விடும். ஆகவே எதிர்புரோட்டானோடு பாசிட்ரானைச் சேர்த்து மின்னூட்டமற்ற எதிர்ஹைட்ரஜன் அணுவைச் செய்தார்கள். அந்த அணுவுக்குச் சின்னதாய் ஒரு காந்தத்தன்மை உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சுவரிலும் படாமல் காந்தப்புலத்தில் மிதக்கவைத்தார்கள்.

இனிமேல்தான் நயம். செங்குத்தாக நிற்கும் குழாய். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு காந்தச் சுருள்கள் மூடிபோல நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 25 செ.மீ. உள்ளே ஒரு தடவைக்குச் சுமார் 100 அணுக்கள். 20 நொடிகளில் இரண்டு மூடிகளின் வலுவையும் மெல்ல மெல்லக் குறைத்தார்கள். மேல் வாசலும் கீழ் வாசலும் ஒருசேரத் திறந்தன. வெளியேறிய அணு குழாயின் சுவரில் பட்டு அழியும். அழியும்போது தெறிக்கும் துகள்கள், அது எந்த உயரத்தில் அழிந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். எந்த அழிவுக்குப் பயந்து இத்தனை நாள் இந்தப் பொருளைக் கையாள முடியாமல் இருந்தார்களோ, அந்த அழிவையே சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். சுவரில் பட்ட அணு வாய்மூடி இருக்க வழியே இல்லை.

ஆனாலும் கேள்வி மிச்சமிருக்கிறது. கீழ் மூடி மேல் மூடியைவிட ஒரு துளி வலுக்குறைவாய் இருந்தாலும் அணுக்கள் கீழே போகுமே. அதை ஈர்ப்பு என்று எப்படி நம்புவது? இந்த இடத்தில் அவர்கள் செய்ததை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு மூடிகளும் சமமாக இருந்தபோது மட்டும் பார்த்துவிட்டு நிற்கவில்லை. வேண்டுமென்றே ஒன்றை வலுவாக்கி மற்றதைத் தளர்த்தினார்கள். பிறகு மாற்றிச் செய்தார்கள். இடையில் பல படிகளில் அளந்தார்கள். இரண்டும் சமமென்றால், சாதாரண ஹைட்ரஜனில் 100-க்கு 80 போலக் கீழே போகும் என்பது கணிப்பு. எதிர்ஹைட்ரஜனும் அப்படியே நடந்துகொண்டது. ஈர்ப்பை ஈடுகட்டும் அளவுக்குக் கீழ் மூடியை வலுவாக்கினால் மேலும் கீழும் பாதிக்குப் பாதி போகவேண்டும். அந்தச் சமநிலை எங்கே வருகிறது என்று தேடிப்போவதுதான் அளவீடு. அணுவை எடைபோடத் தராசு தேவைப்படவில்லை. இரண்டு வாசல்களே தராசாகிவிட்டன.

கிடைத்த விடை, சாதாரண ஈர்ப்பு முடுக்கத்தில் 0.75 பங்கு. அதனோடு இரண்டு ஐயங்களைத் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள்: அளவீட்டில் 0.13, கணினிக் கணிப்பில் 0.16. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முழு 1 என்ற மதிப்புக்கும் அங்கே இடமிருக்கிறது. மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை. ‘மிகச் சரியாக ஒரேபோல’ என்று சொல்ல இன்னும் நுட்பமான அளவீடு வேண்டும். தெரிந்ததன் விளிம்பை இவ்வளவு கறாராகக் கோடிட்டுக் காட்டுவதும் ஓர் அழகு.

பட்டினி கிடந்த பாக்டீரியா

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் வாலஸின் குழு, தண்ணீர் பாட்டில் செய்யும் ‘பெட்’ பிளாஸ்டிக்கிலிருந்து பாராசிட்டமால் எடுத்த செய்தி 2025 ஜூனில் ‘நேச்சர் கெமிஸ்ட்ரி’ இதழில் வந்தது. முதல் நயம், பொருத்தத்தைக் கண்ட கண்ணில் இருக்கிறது. பெட் பிளாஸ்டிக்கை உடைத்தால் டெரிப்தாலிக் அமிலம் கிடைக்கும். ஆறு கார்பன் அணுக்களாலான ஒரு வளையம். அதன் எதிரெதிர் முனைகளில் இரண்டு அமிலத் தொகுதிகள். பாராசிட்டமாலிலும் ஆறு கார்பன் வளையம்தான். அதிலும் எதிரெதிர் முனைகளில்தான் இரண்டு தொகுதிகள். நடு வளையத்தைத் தொடவே வேண்டாம், இரு முனைகளில் இருப்பதை மாற்றினால் போதும். குப்பையில் கிடந்த பாட்டிலுக்கும் மருந்துக்கடை மாத்திரைக்கும் உள்ள தூரம் அவ்வளவே.

முதல் முனையை மாற்ற அவர்கள் எடுத்தது 1872-இலிருந்து வேதியியலாளர்கள் அறிந்த லாசன் மறுசீரமைப்பு. பிளாஸ்டிக்கிலிருந்து வந்த அமிலத்தை முன்கூட்டியே கொஞ்சம் பக்குவப்படுத்திக் கொடுக்கவேண்டும். பிறகு, கார்பனைப் பிடித்துக்கொண்டிருந்த வளையம் அந்தப் பிடியை விட்டுப் பக்கத்திலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது. நடுவிலிருந்த கார்பன், கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. கிடைப்பது பாரா அமினோ பென்சோயிக் அமிலம், சுருக்கமாக பி.ஏ.பி.ஏ. இந்த வினை குடுவைக்குச் சொந்தமானது. எந்த உயிரும் தன் உடலுக்குள் செய்வதாக அறியப்படாதது. அதை ஈ.கோலை பாக்டீரியாவின் உள்ளே நடத்துவதுதான் சவால். நடந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது அதைவிடச் சவால்.

இங்கே சாட்சியைத் தேர்ந்த விதத்தைப் பாருங்கள். ஈ.கோலைக்கு பி.ஏ.பி.ஏ. இல்லாமல் வாழ்வில்லை. ஃபோலேட் என்ற உயிர்ச்சத்தை அது இதிலிருந்துதான் கட்டுகிறது. ஃபோலேட் இல்லையென்றால் டி.என்.ஏ.வுக்கான கற்களைச் செய்ய முடியாது. 1930-களில் வந்த சல்ஃபா மருந்துகள், பி.ஏ.பி.ஏ.வைப்போல வேடமிட்டு இந்த இடத்தில் புகுந்துதான் பாக்டீரியாக்களை முடக்கின. வாலஸ் குழு, பி.ஏ.பி.ஏ.வைத் தானே செய்துகொள்ளும் வழி அடைக்கப்பட்ட ஈ.கோலையை எடுத்துக்கொண்டது. வெறும் ஊடகத்தில் அது வளராது. லாசன் வினைக்கான பொருளைப் போட்டார்கள், வளர்ந்தது. தெளிந்திருந்த திரவம் கலங்கினால் வினை நடந்திருக்கிறது, தெளிவாகவே நின்றால் நடக்கவில்லை. பட்டினி கிடந்த உயிர் பெருகுவதைவிட நம்பத்தக்க வாக்குமூலம் எது?

வினையை முடுக்கியது எது என்று பார்த்தால், எல்லா உயிரணுவிலும் நிறைந்திருக்கும் பாஸ்பேட்தான். விலையுயர்ந்த உலோகமில்லை, புதிதாக வடித்த நொதியும் இல்லை. வீட்டிலேயே இருந்ததை அதுவரை யாரும் இந்த வேலைக்குக் கூப்பிட்டதில்லை. அடுத்து இரண்டு மரபணுக்களைச் சேர்த்தார்கள். காளானிலிருந்து வந்த ஒன்று, மறுமுனையின் அமிலத் தொகுதியைக் கழற்றி அங்கே ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து வந்த மற்றொன்று, நைட்ரஜனின் மேல் ஓர் அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கிறது. பாராசிட்டமால் ஆயிற்று. அறை வெப்பத்தில், ஒரு நாளுக்குள், 92 சதவீத விளைச்சல். இது ஆய்வுக்கூட அளவு. ஆலை அளவுக்குப் போகும் வழி இன்னும் நீளம். ஆனால் வேதியியலாளரின் பழைய வினையும் உயிரணுவின் அன்றாட வளர்சிதையும் ஒரே குடுவையில் ஒன்றுக்கொன்று பகையில்லாமல் இருக்கும் என்று காட்டியாகிவிட்டது.

335-ஆம் இடம்

அதே ஈ.கோலை, அடுத்த கதையில் மருத்துவமனைக்குள் வருகிறது.

நாம் உண்ணும் புரதம் செரித்துச் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. அதை யூரியாவாக்கி வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அந்த வேலையின் முதல் படியைச் செய்யும் நொதி சி.பி.எஸ்.1. சுமார் 13 லட்சம் பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்த நொதி சரியாக அமைவதில்லை. தாய்ப்பாலில் உள்ள புரதமே அந்தக் குழந்தையின் மூளைக்கு நஞ்சாகும். பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் ரெபெக்கா ஆரென்ஸ்-நிக்லஸும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரண் முசுனூருவும் தங்கள் குழுவோடு அப்படியொரு கைக்குழந்தைக்கென்றே ஒரு மருந்தை ஆறு மாதத்தில் செய்து முடித்தார்கள். 2025 பிப்ரவரியில் முதல் தவணை ஏற்றப்பட்டது. மே மாதம் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ அதை வெளியிட்டது.

பிழை எவ்வளவு சிறியது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். சி.பி.எஸ்.1 நொதி 1,500 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 335-ஆம் இடத்தில் குளூட்டமின் வரவேண்டும். அதைச் சொல்லும் மூன்றெழுத்துக் குறியின் முதல் எழுத்து ‘சி’. குழந்தைக்கு வந்த மரபணுப் பிரதி ஒன்றில் அந்த ‘சி’, ‘டி’ ஆகிவிட்டது. குளூட்டமினைச் சேர் என்ற குறி, இத்தோடு நிறுத்து என்ற குறியாகிவிட்டது. சுமார் 300 கோடி எழுத்துகளில் ஓரெழுத்து. சங்கிலி கால்வாசி கூட வராமல் அறுந்துவிடுகிறது.

அந்த ‘டி’யை நேரடியாகத் திருத்தும் கருவி எடுக்கப்படவில்லை. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் ‘டி’க்கு எதிரே எப்போதும் ‘ஏ’ நிற்கும். எதிரிழையில் இருக்கும் அந்த ‘ஏ’யை ‘ஜி’யாக மாற்றினால், செல்லே தன் ஒழுங்குப்படி இந்தப் பக்கத்து ‘டி’யை ‘சி’ ஆக்கிக்கொள்ளும். இரண்டு இழைகளையும் வெட்டாமல், எழுத்தை மட்டும் மாற்றும் முறை இது. ‘ஏ’யை ‘ஜி’யாக்கும் கருவியை 2017-இல் ஹார்வர்டில் டேவிட் லியூவின் ஆய்வகத்தில் உருவாக்கியவர் நிக்கோல் காடெல்லி. அப்படி டி.என்.ஏ.வில் செய்யும் நொதி இயற்கையில் தெரியவில்லை. ஈ.கோலையில் ஆர்.என்.ஏ.வின் மேல் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் ஒரு நொதி இருந்தது. அதை டி.என்.ஏ.வுக்குப் பழக்கவேண்டும். என்ன செய்தார்கள்? நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கவைக்கும் மரபணுவில் ஓரெழுத்தைக் கெடுத்து, அதைப் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். நொதியின் ஆயிரமாயிரம் மாற்றுருவங்களை உள்ளே விட்டு, மேலே கொல்லியை ஊற்றினார்கள். எந்த மாற்றுருவம் அந்த எழுத்தைத் திருத்தியதோ அதைச் சுமந்த பாக்டீரியா மட்டும் பிழைத்தது. எடின்பரோவில் பார்த்த அதே நீதிமன்றம்: உயிர் பிழைத்திருப்பதே சாட்சி. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட நொதியின் வழித்தோன்றல்தான் கைக்குழந்தையின் கல்லீரலுக்குப் போனது.

போன விதத்திலும் ஓர் அடக்கம் இருக்கிறது. கொழுப்பாலான நுண்துகளுக்குள் வைத்துச் சிரை வழியே ஏற்றினார்கள். அந்தத் துகள்கள் இயல்பாகவே கல்லீரலில் போய்ச் சேரும். உள்ளே இருப்பது கருவியைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ.க் குறிப்பும், எந்த இடம் என்று காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வும். வேலை முடிந்ததும் குறிப்பு தானாகச் சிதைந்துவிடும். திருத்திய எழுத்து மட்டும் தங்கும். முதல் தவணை மிகச் சிறிய அளவு. தீங்கில்லை என்று பார்த்த பிறகே கூட்டினார்கள்.

பலன் தெரிந்ததா என்று கண்டறிய நேர்வழி, கல்லீரலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து எழுத்தைப் படிப்பது. அவ்வளவு நலிந்த குழந்தைக்கு அது ஆபத்து என்று மருத்துவர்கள் அந்தச் சாட்சியை அழைக்கவில்லை. குழந்தையின் உணவையே கேட்டார்கள். முன்பைவிட அதிகப் புரதம் கொடுத்தார்கள், தாங்கியது. நைட்ரஜனை வெளியேற்றும் மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள், தாங்கியது. இத்தகைய குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சலே உயிருக்கு உலைவைக்கும். அது வந்தும் அம்மோனியா எகிறவில்லை. எத்தனை கல்லீரல் செல்கள் திருந்தின என்ற எண்ணிக்கையை அவர்கள் சொல்லவில்லை, குணமாகிவிட்டது என்றும் சொல்லவில்லை. ஒரு கேள்வியின் விடையைக் குழந்தையின் நலனுக்காக விட்டுக்கொடுத்ததை நான் இந்த ஆய்வின் மிக உயர்ந்த வரியாக வாசிக்கிறேன்.

ஒரே ஓர் ஓடு

கணிதத்துக்கு வருகிறேன். தரையில் சதுர ஓடு பதித்தால் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். தரையை இடைவெளியில்லாமல் நிரப்பவும் வேண்டும், எப்படிப் பதித்தாலும் கோலம் சீராகத் திரும்ப வரவும் கூடாது; அப்படி ஓடுகள் உண்டா? 1966-இல் ராபர்ட் பெர்கர் உண்டென்று நிறுவினார். அவருக்கு 20,426 வகை ஓடுகள் தேவைப்பட்டன. 1971-இல் ரஃபேல் ராபின்சன் ஆறுக்குக் கொண்டுவந்தார். 1970-களில் ரோஜர் பென்ரோஸ் இரண்டில் நிறுத்தினார். ஒன்றே ஒன்று போதுமா என்ற கேள்வி அரை நூற்றாண்டு நின்றது.

2022 நவம்பரில் விடையைக் கையில் வைத்திருந்தவர் டேவிட் ஸ்மித். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாழும், அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற, வடிவங்களில் பித்துக்கொண்ட மனிதர். அவருடைய ஓட்டைச் செய்வது எளிது. ஓர் அறுகோணத்தின் நடுப்புள்ளியை ஒவ்வொரு பக்கத்தின் மையத்தோடும் இணைத்தால் ஆறு பட்டங்கள் கிடைக்கும். அப்படி அறுகோணங்கள் நிறைந்த தளத்தில் அடுத்தடுத்த எட்டுப் பட்டங்களைச் சேர்த்தால் 13 பக்க வடிவம். பார்க்கத் தொப்பிபோல இருக்கும். அட்டையில் வெட்டி மேசைமேல் அடுக்கிப் பார்த்தார். அடுக்க அடுக்கப் போய்க்கொண்டே இருந்தது. கோலம் மட்டும் திரும்ப வரவில்லை. கணினி அறிவியலாளர் கிரெய்க் கப்லனுக்கு எழுதினார். ஜோசப் சாமுவேல் மையர்ஸும் சைம் குட்மேன்-ஸ்ட்ராஸும் சேர்ந்தார்கள். 2023 மார்ச்சில் நால்வரும் நிரூபணத்தை வெளியிட்டார்கள்.

அவர்கள் தந்த நிரூபணங்களில் ஒன்று, இந்த நான்கு கதைகளிலும் எனக்கு மிகப் பிரியமானது. தொப்பியின் பக்கங்களில் இரண்டு நீளங்கள் உண்டு: 1, √3. ஒரு வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினாலும் வடிவம் மாறுமே தவிர, அடுக்கும் முறை மாறாது. ஒரு வகைப் பக்கத்தை முழுக்க இல்லாமல் ஆக்கினால் நான்கு சமபக்க முக்கோணங்கள் கொண்ட வடிவம் மிஞ்சும். மற்ற வகையை இல்லாமல் ஆக்கினால் எட்டு முக்கோணங்கள் கொண்டது மிஞ்சும். தொப்பியின் கோலம் சீராகத் திரும்ப வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுருங்கிய இரண்டு கோலங்களும் திரும்ப வரவேண்டும்; ஒன்றின் முக்கோணக் கட்டங்களைச் சீராகப் பெரிதாக்கினால் மற்றதன் கட்டங்களில் பொருந்தவேண்டும் என்று காட்டுகிறார்கள். பரப்பு நான்குக்கு எட்டு, அதாவது இருமடங்கு. எனவே நீளம் √2 மடங்கு.

அங்கேதான் பிடி. சமபக்க முக்கோணக் கட்டத்தில் எந்த இரண்டு தூரங்களும் √2 விகிதத்தில் அமைவதில்லை. நீங்களே பார்க்கலாம். புள்ளிகளுக்கிடையே வரக்கூடிய தூரங்களின் வர்க்கங்கள் 1, 3, 4, 7, 9, 12, 13 என்று போகும். இவற்றில் எதை இருமடங்காக்கினாலும் பட்டியலில் இராது: 2 இல்லை, 6 இல்லை, 8 இல்லை, 14 இல்லை, 18 இல்லை, 24 இல்லை, 26 இல்லை. எவ்வளவு தூரம் போனாலும் இதே கதை. ஆகவே வைத்துக்கொண்ட பேச்சு பொய். முடிவில்லாமல் விரியும் தளத்தைப் பற்றிய கேள்விக்கு, கட்டத்தில் இடமே இல்லாத ஒரு நீளம் வந்து விடை சொல்லிவிட்டது.

ஓர் ஆட்சேபம் எழுந்தது. தொப்பிக் கோலத்தில் ஏறக்குறைய எட்டு ஓட்டுக்கு ஒன்று, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டதாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மெருகிட்ட ஓட்டைத் திருப்ப முடியாதே, இது இரண்டு ஓடுகள்தானே என்றார்கள் சிலர். ஆட்சேபத்துக்கு அவர்கள் முகம்சுளிக்கவில்லை. 1, √3 என்ற நீளங்களைச் சமமாக்கினால் வரும் வடிவம் அதே குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தது. திருப்பிப் போட அனுமதித்தால் அதன் கோலம் சீராகத் திரும்ப வந்துவிடும் என்பதால் ஒதுக்கிவைத்திருந்தார்கள். திருப்பாமலே அடுக்கினால் என்ன ஆகிறது என்று ஸ்மித் பார்த்தார். கோலம் திரும்ப வரவில்லை. பக்கங்களை வளைத்துவிட்டால், திருப்பிய ஓடு பக்கத்தில் பொருந்தவே பொருந்தாது. 2023 மே மாதம் அதற்கும் நிரூபணம் வந்தது. தோற்றதென்று ஒதுக்கிய வடிவமே, கேள்வியை இன்னும் கூர்மையாக்கியதும் வென்றது.

நயம் பாராட்டுவதன் பயன்

ஆய்வு சொல்கிறது என்று தொடங்கும் தகவல்கள் நம் கைப்பேசிக்கு நாள்தோறும் வந்து விழுகின்றன. துறை அறியாத நாம் எதை நம்புவது, எதைத் தள்ளுவது? முடிவின் வியப்பை வைத்து எடைபோட்டால் ஏமாந்துபோவோம். பொய்யான செய்திகள்தான் அதிகம் வியக்கவைக்கின்றன. சாட்சி யார் என்று கேட்கலாம். சுவரில் பட்டு அழிந்த அணு, பட்டினியிலிருந்து பெருகிய பாக்டீரியா, புரதத்தைத் தாங்கிய குழந்தை, கட்டத்தில் இடமில்லாத √2 என்று ஏதாவது ஒன்றை நல்ல ஆய்வு எப்போதும் முன்னே நிறுத்தும். எங்கே நின்றுகொள்கிறோம் என்பதையும் சொல்லும்: 0.75-க்குப் பக்கத்தில் இரண்டு ஐயங்கள், ஆய்வுக்கூட அளவு, சொல்லாமல் விட்ட எண்ணிக்கை, ஏற்றுக்கொண்ட ஆட்சேபம். இந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்க்கப் பட்டம் தேவையில்லை. ஒரு செய்யுளை நிறுத்தி நிதானித்துப் படிக்கும் பழக்கம் போதும். சுவைத்துப் படிக்கிறவரை ஏமாற்றுவது கடினம். அதனால்தான் இந்த நான்கையும் தீர்ப்பிலிருந்து பின்னோக்கி, விசாரணை வரைக்கும் போய் வாசிக்கச் சொல்கிறேன்.